முழங்காற்சில்லை மாற்றுவதா, விட்டுவைப்பதா?



மொழிப் பணிக்கென அமைந்த உரைத்தொடரில் முழங்காலுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவுக்கு விடையளித்த பின்னரே பொருளுக்குள் நுழைதல் முறை.

சிரம்பானில், ராசா சாலையில் துவாங்கு ஜாபார் மருத்துவமனை அமைந்துள்ளது. ராசாவையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் ஒட்டியிருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறையினர் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியுள்ளனர். அவர்களுள் பலர் முழங்கால் வலியோடு ஏதேனும் ஒரு மருத்துவரின்முன் அமர வேண்டியவர்களாக உள்ளனர். நம் நாட்டில் மருத்துவ விளக்கம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகிறது. உடன் சென்ற பேரனோ பேத்தியோ அதனைத் தமிழாக்கிச் சொல்லுதல் வேண்டும். 'மூட்டை மாற்ற வேண்டும்' என்பது வரையில் அப்பிள்ளை சொல்லிவிடும். 'சில்லின் உட்புறத்தையும் மாற்றலாம், மாற்றாமலும் விடலாம்' என்னும் இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றுவிடும். பாட்டியோ, 'டாக்டர் சொல்கிறபடி செய்யட்டும்' என்று கையொப்பமிட்டு விடுவார். தம் உடம்பைப் பற்றிய ஒரு முடிவு, தம் மொழியில் தம்மை வந்தடையாமலேயே முடிந்துபோகிறது.

அந்தச் சொற்களைத் தேடித் தருவதே இவ்வுரையின் நோக்கம். எது சிறந்தது என்று தீர்ப்பளிப்பதன்று. தீர்ப்பு எதனைப் பொறுத்தது என்று விளக்குவதே ஆகும்.

சில்லும் சிரட்டையும்

காலை நீட்டித் தளர்வாக வைத்து, முழங்காலின் முன்புறத்தைத் தொட்டால் பக்கவாட்டில் அசையும் ஓர் எலும்பு கைக்குத் தட்டுப்படும். அதுவே முழங்காற்சில்லு. சில்லு என்பது உடைந்த ஓட்டுத் துண்டு. பிள்ளைகள் பாண்டி விளையாட எறிவது. மலாய்மொழியார் இதனைத் 'தெம்புரோங் லுத்துட்' என்பர். தெம்புரோங் என்பது தேங்காய்ச் சிரட்டை. லுத்துட் என்பது முழங்கால். இலத்தீனில் இதன் பெயர் 'பட்டெல்லா'. சிறு தட்டு என்பது பொருள். மூன்று மொழிகளும் இதன் வடிவத்தைக் கண்டே பெயரிட்டுள்ளன.

வடிவத்தைக் காட்டும் இப்பெயர்கள் செயலை மறைத்துவிடுகின்றன. சிரட்டை என்றதும் உள்ளிருப்பதைக் காக்கும் மூடி என்று எண்ணுகிறோம். உண்மையில் சில்லு செய்வது கிணற்றுக் கப்பியை ஒத்த வேலை. தொடையின் முன்புறத் தசை, தசைநாணாகச் சுருங்கிச் சில்லைப் பற்றி, அதன் கீழே கணைக்கால் எலும்பில் சென்று இணைகிறது. சில்லு இடையில் நின்று அந்த நாணை மூட்டின் மையத்திலிருந்து சற்று முன்தள்ளி வைக்கிறது. அதனால் சிறு விசையிலேயே கால் நீள்கிறது. சில்லை அடியோடு நீக்கிவிட்டால், காலை முழுமையாக நீட்டுவதற்குத் தொடைத்தசை 30 விழுக்காடு வரை கூடுதலாக உழைக்க நேரும் என்று 1971இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சில்லு பயனற்ற எச்சமென்று கருதி அதனை முழுவதும் அகற்றிய மருத்துவர்கள் 1930களில் இருந்தனர். இன்று அது வேறு வழியில்லாதபோது மட்டுமே செய்யப்படுகிறது.

கப்பியின்மேல் கயிறு அழுந்துவதுபோலச் சில்லும் தொடை எலும்பின் முன்பள்ளத்தில் அழுந்துகிறது. சமதரையில் நடக்கும்போது அவ்வழுத்தம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படி ஏறி இறங்கும்போது எடையைப்போல் மூன்று மடங்கு. ஆழ்ந்து குந்தும்போது ஏழு மடங்குக்கும் மேல். இத்துணை அழுத்தத்தையும் தாங்குவதற்காகவே, மனித உடலிலுள்ள குருத்தெலும்புகளுள் மிகத் தடித்தது சில்லின் உட்புறத்தில் அமைந்துள்ளது.

தோட்டத்து முழங்கால்

ஒரு பாட்டியை மனத்திற்கொள்வோம். பெயர் வேண்டா, நம் வீடுகளிலேயே அத்தகைய ஒருவர் இருப்பார். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரைக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் நடந்தவர் அவர். மரத்தின் வெட்டுப்பட்டை ஆண்டுதோறும் கீழிறங்கும். அது தரையை நெருங்க நெருங்க வெட்டுபவரும் குனிந்தும் குந்தியும் வெட்ட வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் திரட்டிச் சுமத்தல் வேண்டும். வீடு திரும்பினால் விறகடுப்பின் முன்னும் துணி துவைக்கும் கல்லின் முன்னும் மீண்டும் குந்துதல் வேண்டும்.

நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் சுமை தூக்கியும் செய்யும் தொழில் முழங்கால் தேய்வுக்குக் காரணங்களுள் ஒன்று என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் உறுதிப்பட்டுள்ளது. முதுமை, உடற்பருமன், குடும்ப மரபு, பழைய காயம் ஆகியவையும் காரணங்களே. மலேசியாவில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுகளைப் பற்றிய முறையீடுகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைப் பற்றியதாகவே இருந்தது.

தேய்வுள்ள ஒவ்வொருவருக்கும் அறுவை வேண்டுவதில்லை. எடைக் குறைப்பு, தொடைத்தசைப் பயிற்சி, ஊன்றுகோல், வலி மருந்து ஆகியவற்றால் பலர் நெடுநாள் நடமாடுகின்றனர். இவையனைத்தும் பயனளிக்காது, இரவிலும் வலி துரத்தும் நிலையில்தான் முழங்கால் மாற்று அறுவை பேசப்படுகிறது.

அறுவையில் நிகழ்வது

'மூட்டை மாற்றுதல்' என்றதும் முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவர் என்று அஞ்சுவோர் உளர். அது தவறு. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுப்பர். பால்மரத்தில் மரத்தைக் காயப்படுத்தாது பட்டையை மட்டும் சீவும் கைத்திறனை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பின்னர்த் தொடை எலும்பின் முனைக்கு உலோகக் கவசம் ஒன்றும், கணைக்கால் எலும்பின் முனைக்கு உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்கும் இடையில் பாலியெத்திலீன் என்னும் நெகிழித் தகட்டை வைப்பர்.

இவ்வளவும் எல்லா மருத்துவரும் செய்வது. மூன்றாவது எலும்பாகிய சில்லை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. அவ்வேறுபாடு ஐம்பது ஆண்டுப் பழைமை உடையது.

1970களின் தொடக்கத்தில் வந்த செயற்கை முழங்கால்களுள் பல சில்லைப் பொருட்படுத்தவே இல்லை. நோயாளிகள் நடந்தனர், ஆயினும் படியேறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முழங்காலின் முன்புறம் வலிப்பதாகப் பலர் கூறினர். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் முதலானோர் பயன்படுத்தத் தொடங்கிய செயற்கை முழங்காலில், சில்லின் உட்புறத்துக்கென்று கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு நெகிழிப் பொத்தானும் இடம்பெற்றது. முன்வலி குறைந்தது, புதிய இடர்கள் தோன்றின. சில்லு முறிந்தது, பொத்தான் கழன்றது. 1980களில் உலோக முதுகு வைத்த பொத்தான்கள் வந்தபோது நெகிழி தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உராய்ந்தது. ஆகவே ஒரு சாரார் சில்லைத் தொடாமல் விடுவதற்கே திரும்பினர். இருதரப்பினரும் தாம் கண்ட துன்பத்தைத் தவிர்க்கவே முனைந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நான்கு வழிகள்

இன்று மருத்துவர்முன் உள்ள வழிகளை எளிய தமிழ்ச் சொற்களால் நான்காக வகுக்கலாம்.

முதலாவது, மாற்றுதல். சில்லின் உட்பரப்பைச் சீவி எடுத்து, அவ்விடத்தில் நெகிழிப் பொத்தானை எலும்புச் சிமெண்டால் ஒட்டுவர். சில்லின் வெளிப்புறமும் அதைப் பற்றிய தசைநாணும் அப்படியே இருக்கும். 'சில்லை மாற்றுதல்' என்று பேச்சில் கூறினாலும், மாறுவது அதன் உட்பரப்பு மட்டுமே.

இரண்டாவது, விட்டுவைத்தல். சில்லில் கத்தி படாமல், புதிய உலோகப் பள்ளத்தின்மேல் இயற்கைச் சில்லே வழுக்கிச் செல்லுமாறு விடுவர்.

மூன்றாவது, செப்பனிடுதல். பொத்தான் வைக்காமல், விளிம்பில் வளர்ந்துள்ள எலும்பு முட்களை நீக்கி, கரடான பரப்பை மழுப்புவர். சிலர் சில்லின் சுற்று விளிம்பை மின்சூட்டால் சுட்டு, வலியை உணர்த்தும் நுண்நரம்புகளைச் செயலிழக்கச் செய்வர். நெதர்லாந்தில் 300 முழங்கால்களில் இம்முறையைச் சோதித்து 2011இல் வெளியிட்டனர். ஓராண்டு முடிவில், சூடு வைக்காதவர்களுள் 32 விழுக்காட்டினருக்கும் சூடு வைத்தவர்களுள் 19 விழுக்காட்டினருக்கும் முன்வலி இருந்தது. ஆனால் மேலும் சில ஆண்டுகள் கழித்து நோக்கியபோது அவ்வேறுபாடு நிலைக்கவில்லை.

நான்காவது, தேர்ந்து செய்தல். எல்லோருக்கும் ஒரே முறை என்று கொள்ளாமல், அறுவையின்போது சில்லின் நிலையைக் கண்ணால் கண்டு முடிவெடுப்பர்.

ஆய்வுகள் கூறுவது

இவற்றுள் எது மேல்? பிரிட்டனில் பல மருத்துவமனைகள் இணைந்து 1999 முதல் 2003 வரை நோயாளிகளைச் சேர்த்து நடத்திய பேராய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அதில் 1715 பேர், சில்லை மாற்றும் குழுவுக்கோ மாற்றாத குழுவுக்கோ குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டனர். ஐந்தாண்டுகள் கழித்து நடை, வலி, அன்றாடச் செயல் ஆகியவற்றை ஒப்பிட்டபோது இரு குழுவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வேறு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் முடிவு ஏறத்தாழ இதுவே. ஒன்றில் மட்டும் வேறுபாடு தென்படுகிறது: சில்லை மாற்றியவர்களுக்கு மறு அறுவை குறைவு, விட்டுவைத்தவர்களுள் சிலர், பின்னாளில் பொத்தான் வைப்பதற்காக மீண்டும் அறுவைக்கு வருகின்றனர்.

ஒரே சான்றைப் படித்தும் நாடுகள் வேறுவேறு வழியே செல்கின்றன. அமெரிக்காவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட முழங்கால்களில் சில்லை மாற்றுகின்றனர். ஆஸ்திரேலியாவில் அவ்வழக்கம் ஆண்டுதோறும் பெருகிப் பெரும்பான்மையாகிவிட்டது. 1975 முதல் தேசியப் பதிவேடு வைத்திருக்கும் சுவீடனிலோ மிகச் சிலருக்கே மாற்றுகின்றனர். 2020இல் வெளியான இங்கிலாந்தின் வழிகாட்டி நெறி, முதன்முறை முழங்கால் மாற்று அறுவை பெறுவோருக்குச் சில்லை மாற்றும் வாய்ப்பினை வழங்குமாறு பரிந்துரைத்தது. பின்னாளில் நேரும் மறு அறுவைகளையும் அவற்றின் செலவையும் அந்நெறி கருத்திற் கொண்டது.

எண்களைப் படிக்கும் முறை

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். 'மறு அறுவை குறைவு. ஆகவே மாற்றுவதே நன்று' என்று உடனே முடிவு கட்டலாமா?

இருவரை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் அறுவைக்குப் பின் முன்வலி ஒரே அளவில் தொடர்கிறது. ஒருவருக்குச் சில்லு விட்டுவைக்கப்பட்டது. அவரை ஆராயும் மருத்துவருக்குச் செய்வதற்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. 'பொத்தான் வைத்துப் பார்ப்போம்' என்கிறார். மறு அறுவைக் கணக்கில் ஒன்று கூடுகிறது. மற்றவருக்கோ பொத்தான் ஏற்கெனவே வைக்கப்பட்டுவிட்டது. அவரிடம் செய்வதற்கு எளிய வழி எதுவும் இல்லை, 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். கணக்கில் ஒன்றும் கூடுவதில்லை. வலி இருவருக்கும் ஒன்றே. எண் மட்டும் வேறு. மறு அறுவையின் எண்ணிக்கை, வலியின் அளவுகோலாக எப்போதும் அமையாது.

அன்றியும், பின்னாளில் பொத்தான் வைத்துக்கொண்டவர்களுள் பலருக்கு வலி முற்றும் தீர்வதில்லை. காரணம், முன்வலி யாவும் சில்லிலிருந்தே பிறப்பதில்லை. உலோகக் கவசம் சற்றுத் திரும்பிப் பொருந்தியிருந்தாலும், சில்லு பள்ளத்தின் நடுவே ஓடாமல் விலகி ஓடினாலும், தொடைத்தசை வலுவிழந்திருந்தாலும் முன்புறம் வலிக்கும். தேர்ந்த கையால் சரியாகப் பொருத்தப்பட்ட மூட்டு என்பது, பொத்தான் உண்டா இல்லையா என்பதைவிடப் பெரிய செய்தி.

ஆயினும் மறு அறுவையைச் சிறிதென்று தள்ளிவிடலும் ஆகாது. எழுபத்தைந்து வயதில் இரண்டாம் முறை மயக்க மருந்தும் மருத்துவமனைப் படுக்கையும் எளியன அல்ல. பிள்ளைகள் வேலைக்கு விடுப்பெடுத்தல் வேண்டும். பாட்டி மீண்டும் நடை பழகுதல் வேண்டும். அதனைத் தவிர்க்கும் வழி இருக்குமாயின் அதற்கும் மதிப்புண்டு.

எந்த முழங்காலுக்கு எது?

பொதுவிதி கிடைக்காத இடத்தில் தனி முழங்காலை நோக்குவதே அறிவுடைமை. முடக்குவாதம் போன்ற அழற்சி நோயால் மூட்டு கெட்டவர்களுக்குச் சில்லை மாற்றவே பெரும்பாலோர் அறிவுறுத்துவர். அந்நோய் எஞ்சிய குருத்தெலும்பையும் தாக்கவல்லது. அறுவைக்கு முன்பே படியிறங்கும்போது முன்புறம் கடுமையாக வலித்தவர்கள், சில்லின் உட்புறம் தேய்ந்து எலும்பு தெரிபவர்கள், சில்லு விலகி ஓடுபவர்கள் ஆகியோருக்கும் மாற்றுதலே பொருந்தும் என்பது பலர் கருத்து.

மறுபுறம், குருத்தெலும்பு நன்றாக இருந்து, முன்வலியும் இல்லாதவர்களுக்கு விட்டுவைத்தல் தகும். சில்லு மிக மெல்லியதாக இருப்பவர்கள் மற்றொரு வகையினர். இது நம் பெண்களுக்குச் சிறப்பாகப் பொருந்தும். மேலை நாட்டு ஆண்களின் சில்லு சராசரியாக 25 மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புடையது. ஆசியப் பெண்களுள் பலருக்கு அது 20 மில்லிமீட்டரை ஒட்டியே அமையும். பொத்தானின் தடிப்போ பொதுவாக 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை. அதற்கு இடமளிக்கச் சீவியபின் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எலும்பு எஞ்சுதல் வேண்டும் என்பர். அதற்குமேல் மெலிந்தால் சில்லு முறியும் இடர் மிகும். குறைவாகச் சீவிப் பொத்தானை வைத்தாலோ சில்லு முன்பைவிடத் தடித்து, நாண் இறுகி, கால் மடங்குவது குறையும். சில மில்லிமீட்டர்க் கணக்கில் ஒரு முதியவரின் படியேற்றம் அடங்கியிருக்கிறது.

எவ்வழியைத் தேர்ந்தாலும் ஓர் உண்மையை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. செயற்கை முழங்கால் பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். அன்றாட நடைக்கும் படிக்கும் அது போதும். ஆயினும் பழையபடி தரையில் முழுமையாகக் குந்துவதையும் நெடுநேரம் சம்மணமிடுவதையும் தவிர்க்குமாறே மருத்துவர்கள் கூறுவர். வாசலில் குந்திக் கோலமிட்டவர்க்கு ஒரு தாழ்ந்த முக்காலியும், குந்து கழிப்பறை உள்ள வீட்டுக்கு அமர்வு கழிப்பறையும் முன்னரே ஏற்பாடாதல் வேண்டும்.

கேட்கத்தக்க வினாக்கள்

இனி, பாட்டியோடு செல்லும் பிள்ளை என்ன கேட்கலாம்? அறுவைக்கு முன்: 'டாக்டர், பாட்டியின் சில்லை மாற்றுவீர்களா, விட்டுவைப்பீர்களா, கண்டபின் முடிவெடுப்பீர்களா?' அடுத்து: 'அவர் முழங்காலில் எதைக் கண்டு அவ்வாறு கருதுகிறீர்கள்?' பின்னர்: 'சில்லின் தடிப்பு பொத்தானுக்குப் போதுமா?' இறுதியாக: 'பின்னாளில் முன்புறம் வலித்தால் என்ன செய்ய இயலும்?' இந்நான்கும் மருத்துவரைச் சோதிக்கும் வினாக்கள் அல்ல. அவர் மகிழ்ந்து விடையளிக்கத்தக்கவை. அவ்விடைகளைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லி, 'உங்களுக்கு விளங்கிற்றா?' என்று கேட்டு, அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பது பிள்ளையின் கடமை. படியேற்றம் பெரிதா, இரண்டாம் அறுவையைப் பற்றிய அச்சம் பெரிதா என்பதை அறிந்தவர் பாட்டி ஒருவரே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் வகுப்பில் நெம்புகோலையும் கப்பியையும் கற்பிக்கும் நாளில், மாணவர் ஒவ்வொருவரையும் தம் முழங்காற்சில்லைத் தொட்டு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லு, தசைநாண், குருத்தெலும்பு, விட்டுவைத்தல், செப்பனிடுதல் என்னும் சொற்கள் அன்றே அவர்கள் நாவில் படியட்டும். நிரைகளில் குந்திக் குந்தித் தம்மை வளர்த்தவர்கள் ஒப்புதல் படிவத்தின் முன் அமரும் நாளில், அச்சொற்கள் அப்பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.